முன்வரிசை

ஜூலை 5, வெள்ளி

ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக மாவு டப்பாவுக்கு மேல் சும்மா கிடந்தது. இன்றைக்குத் தூசி தட்டி எடுத்துவிட்டேன். யாரிடமாவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. வீட்டில் இவரிடம் சொன்னால் சிரிக்கிறார். காகிதம் சிரிக்காது.

விஷயம் இதுதான். எங்கள் செவல்குடி அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறு முதல் பத்து வரை மொத்தமே நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடு மன்ற நேரம். இலக்கிய மன்றம் பதினாலு வருஷமாக என் கையில். எந்தப் பிள்ளை எந்த மன்றம் என்று பிரிப்பதும் தமிழாசிரியை சங்கரவடிவாகிய நான்தான். வாய் உள்ள பிள்ளைகளை எனக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சுற்றுச்சூழல், கணிதம், ரெட் கிராஸ் என்று பங்கு வைத்துவிடுவேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை.

ஜூனில் வந்து சேர்ந்தாள் பெனிட்டா. அறிவியல் பாடம், இருபத்தேழு வயது, மஞ்சள் ஸ்கூட்டர். வந்த மூன்றாவது வாரம் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "பிள்ளைங்களே எழுதிக் குடுக்கட்டுமே சார், எந்த மன்றம் வேணும்னு" என்றாள். தலைமையாசிரியர் அய்யாத்துரை சாருக்கு யார் என்ன சொன்னாலும் தலை ஆடும். ஆடியது. அதோடு விட்டாளா? புதிதாகச் சினிமா மன்றம் ஒன்றும் ஆரம்பித்துவிட்டாள். அரசாங்கமே சொல்லியிருக்கிறதாம்.

இன்றைக்குச் சீட்டுகளைப் பிரித்தோம். சினிமா மன்றத்துக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு ஒன்பது.

போன வருஷம் நாற்பத்தொன்று.

மாரிச்செல்வி இன்றைக்கு வரவில்லை, காய்ச்சல். அவள் சீட்டு பாக்கி. ஐம்பத்தெட்டு என்ன, நூறு பேர் போகட்டும். மாரிச்செல்வி என்னிடம்தான் வருவாள்.

ஜூலை 8, திங்கள்

மாரிச்செல்வி ஒன்பதாம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தபோது பெயரைக் கேட்டால் பாவாடையைத் திருகுவாள். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை, அப்பா இல்லை. அந்த வாயை நான் திறந்தேன். நான் பேச்சை எழுதிக் கொடுப்பேன், பெரிய பெரிய எழுத்தாக, எங்கே மூச்சு விட வேண்டும் என்று சிவப்பு மையில் கோடு போட்டு. அவள் மனப்பாடம் செய்வாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வகுப்பில் அவள் கரும்பலகைக்கு முன்னால் நிற்பாள், நான் கடைசி பெஞ்சில் நிற்பேன். "சத்தமா சொல்லுட்டி! கடைசி பெஞ்சுக்குக் கேக்கல" என்று நான் கத்துவது தெருவுக்கே கேட்கும். தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்கு மேல் ஏழு கோப்பைகள் இருக்கின்றன. அதில் ஐந்து அவள் வாங்கியவை.

இன்றைக்குக் காலை வழிபாடு முடிந்ததும் வந்தாள். கையில் சீட்டு.

"டீச்சர், நான் இந்தத் தடவ சினிமா மன்றத்துல சேந்துக்கிடட்டுமா?"

"என்னத்துக்கு?"

தரையைப் பார்த்தாள். "அதுல ஒண்ணும் மனப்பாடம் பண்ண வேண்டாம் டீச்சர்" என்றாள்.

மனப்பாடம் அவ்வளவு கசந்துவிட்டதா? நான் கண் வலிக்க எழுதிக் கொடுத்ததெல்லாம் வேப்பங்காயா? "உன் இஷ்டம்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அப்புறம் பத்தாம் வகுப்புக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

மன்ற நேரம். ஒன்பது பேர். இரண்டு பேர் உறங்கினார்கள். ஒருத்தன் ரெட் கிராஸ் என்று நினைத்து என் மன்றத்துக்கு எழுதிவிட்டானாம், மாற்ற முடியுமா என்று கேட்டான். மாட்டேன் என்றேன்.

பக்கத்தில் அறிவியல் ஆய்வகம். சன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருக்கிறாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அங்கிருந்து ஒரே சிரிப்பு. நான் மரபுத்தொடர் நடத்திக்கொண்டிருந்தேன். சிரிப்பு வரும்போதெல்லாம் என்னுடைய ஒன்பதும் சுவரையே பார்த்தன.

சினிமா பார்க்கப் பள்ளிக்கூடம் எதற்கு? வீட்டில் டி.வி. இல்லையா?

ஜூலை 16, செவ்வாய்

பெனிட்டா என்னை "அக்கா" என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. அப்புறம் "டீச்சர்" என்றாள். திரும்பினேன்.

ஜூலை 19, வெள்ளி

சாக்பீஸ் எடுக்க ஆய்வகத்துப் பக்கம் போனேன். சாக்பீஸ் ஆபீஸ் அறையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கறுப்புத் துணி ஒரு ஓரம் விலகி இருந்தது.

சுவரில் படம் ஓடுகிறது. ஒரு கழுதை, ஒரு கிழவர், ஒரு சிறுவன். வசனமே இல்லை. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாரிச்செல்வி நடுவில். வாயைக் கையால் மறைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். என் முன்னால் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. பல் இவ்வளவு வரிசையாக இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏளா, இன்னைக்கு அந்தப் புது டீச்சர் என்ன செஞ்சா?" என்றார்.

"அவளப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே."

"நீ சொல்லல. குழம்பு சொல்லுது."

ஜூலை 26, வெள்ளி

இப்போதெல்லாம் பெனிட்டா ஸ்கூட்டரை நிறுத்தியதும் அந்தத் தலைக்கவசத்தை வாங்கிக்கொண்டு ஓடுவதற்குப் பிள்ளைகளுக்குள் அடிதடி. என் சாப்பாட்டுப் பை பதினாலு வருஷமாக என் கையில்தான் வருகிறது.

மத்தியானம் ஆசிரியர் அறையில் தன் போனை மாரிச்செல்வியிடம் கொடுத்து, "நீயா யோசி, நீயா எடு. எடுத்ததுக்கப்புறம் காட்டினாப் போதும்" என்றாள். அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தாள். இதற்குச் சம்பளம்! நான் ஒரு பேச்சுக்கு மூன்று நாள் உட்கார்ந்து எழுதுவேன். ஒரு வரி அவளாக யோசிக்க விடமாட்டேன், தப்பிவிடுமே என்று.

மாரிச்செல்வி அந்தப் போனைத் தாவணிக்குள் பொதிந்து வைத்துக்கொண்டு போனாள். நான் எழுதிக் கொடுத்த காகிதங்களை அவள் எங்கே வைத்திருக்கிறாளோ, கேட்டதில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சுதந்திர தினத்துக்கு மாரிச்செல்வி பேச வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மன்றம் மாறினால் என்ன, மேடை மேடைதான். அய்யாத்துரை சார், "அவ இந்த வருஷம் அந்தப் பக்கம்லா டீச்சர்" என்று இழுத்தார். "சார், வேற யாரு இருக்கா? உறங்குத ரெண்டு பேரயும் எழுப்பி விடவா?" என்றேன். தலை ஆடியது.

மாரிச்செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னபோது முகம் மாறாமல் "சரி டீச்சர்" என்றாள். போகும்போது திரும்பி, "நீங்க முன்வரிசையிலதான இருப்பீங்க?" என்று கேட்டாள்.

"எப்பமும் அங்கதான இருக்கேன்?"

எனக்குச் சந்தோஷம். அந்தப் பெனிட்டா முன்வரிசையில் இருப்பாளா என்று கேட்கவில்லையே.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம் நல்லபடி முடிந்தது. ஊராட்சித் தலைவர் அரை மணி நேரம் தாமதம். மிட்டாய் வழக்கம்போல் பத்தவில்லை.

நன்றியுரைக்கு என்னை ஏறச் சொன்னார் அய்யாத்துரை சார். வருஷா வருஷம் சொல்கிறார், வருஷா வருஷம் நான் மறுக்கிறேன். மேடை எனக்கு ஆகாது. வகுப்பில் நாற்பது பேருக்கு முன்னால் சிங்கம்; மேடையில் மைக்கைக் கண்டால் கால் இரண்டும் கழன்று போகும். நன்றியுரையை நான் எழுதிக் கொடுப்பேன், விளையாட்டு சார் படிப்பார். அப்படித்தான் இன்றைக்கும்.

மாரிச்செல்வி அருமையாகப் பேசினாள். நடுவில், "பெயர் தெரியாத எத்தனையோ பேர்" என்கிற இடத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரண்டு நொடி இருக்கும். என்னையே பார்த்தாள். நல்லவேளை, அவளாகவே பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள். என்ன இருந்தாலும் நான் பழக்கிய பிள்ளை.

பேசியது அவள், தொண்டை வறண்டது எனக்கு. முடிந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். தரையில் இருந்த ஆறாம் வகுப்புப் பொடிசுகள் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தன. சேலையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சினிமா மன்றத்தின் லட்சணத்தையும் எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பெனிட்டாவின் போனை வைத்துப் படம் பிடித்தாள். மேடையில் ஒருத்தி உயிரைக் கொடுத்துப் பேசுகிறாள், இது மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பிடிக்கிறது! எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்றுகூட பெனிட்டா சொல்லித் தரவில்லை. இவரிடம் சொல்லி நான் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

வட்டாரப் போட்டிக்கான சுற்றறிக்கை வந்துவிட்டது. ஒவ்வொரு மன்றத்திலிருந்தும் ஒரு பிள்ளை. ஒரு பிள்ளைக்கு ஒரு போட்டிதான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் இணையதளத்தில் பெயரை ஏற்ற வேண்டும், ஏற்றிவிட்டால் மாற்ற முடியாது. குறும்படத்தில் ஜெயித்து மாவட்டம் தாண்டுகிற பிள்ளைகளுக்குச் சென்னையில் ஐந்து நாள் முகாமாம். பேச்சில் ஜெயித்தால் சான்றிதழ், கோப்பை. பதினாலு வருஷமாக அதே கோப்பை, அதே பிளாஸ்டிக்.

சென்னை என்று கேட்டதும் மாரிச்செல்வி துள்ளியதை நான் வராந்தாவிலிருந்து பார்த்தேன். திருநெல்வேலியே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். அந்த இரண்டு தடவையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன், பேச்சுப் போட்டிக்கு.

பெனிட்டாவின் தோளில் கையே போட்டுவிட்டாள். ஆசிரியை தோளில் கை போடுகிற வழக்கம் எங்கிருந்து வந்தது?

ஆகஸ்ட் 23, வெள்ளி

பெயர் ஏற்றினேன். நான் தமிழ் டைப்பிங் ஹையர் பாஸ் என்பதால் பள்ளிக்கூடத்துப் பட்டியல் எல்லாமே என் தலையில்தான். நெட் போய்ப் போய் வந்தது. ஒரு மணி நேரம் பிடித்தது. எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பெனிட்டா காலையிலேயே துண்டுச் சீட்டு கொடுத்திருந்தாள்: "குறும்படம். மாரிச்செல்வி, ஒன்பதாம் வகுப்பு. படத்தின் பெயர்: முன்வரிசை."

பதிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். இட்லிக்கு நனையப் போட்டேன். வேறு விசேஷம் இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வட்டாரத்திலிருந்து பட்டியல் வந்தது. பேச்சுப் போட்டி: மாரிச்செல்வி. குறும்படம்: எங்கள் பள்ளியிலிருந்து யாரும் இல்லை.

பெனிட்டா பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்தாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், மாரி பேரு பேச்சுல வந்திருக்கே..."

"அப்படியா? வரிசை மாறிப்போச்சோ என்னவோ. வருஷா வருஷம் அவ பேர அங்கதான அடிப்பேன். கை அந்தப் பழக்கத்துலயே போயிருக்கும். நெட் வேற அன்னைக்குச் சரியில்ல."

எனக்குத் தயாராக இருந்த பதில் அது. அவள் கத்துவாள், நானும் கத்தலாம் என்று இருந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பரவால்ல டீச்சர். இதுக்கு முன்னால இருந்த ஸ்கூல்ல நானும் ஒரு பையனோட பிறந்த வருஷத்த மாத்தி அடிச்சிட்டேன். அழுதே போட்டேன். நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்கிறாள்! இதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

அவளே வட்டாரத்துக்குப் போன் போட்டு மன்றாடிப் பார்த்தாள். முடியாது என்றுவிட்டார்கள். மாரிச்செல்வியிடம் அவள்தான் போய்ச் சொன்னாள். மாரிச்செல்வி அழவில்லையாம். "டீச்சர் வேணும்னா செஞ்சிருப்பாவ? தெரியாமத்தான நடந்திருக்கும்" என்றாளாம். பெனிட்டா இதை எனக்கு வந்து சொல்கிறாள், நான் நிம்மதியாக இருக்கட்டும் என்று.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வட்டாரத்துக்கான பேச்சு எழுதி முடித்தேன். தலைப்பு, நீர் மேலாண்மை. எட்டுப் பக்கம். மூச்சு விடுகிற இடமெல்லாம் சிவப்புக் கோடு. மாரிச்செல்வி வாங்கிக்கொண்டாள். மத்தியானம் பழையபடி அவள் கரும்பலகைக்கு முன்னால், நான் கடைசி பெஞ்சில். பழையபடி எல்லாம் ஆகிவிட்டது.

வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. "சத்தமா சொல்லுட்டி" என்றேன். சத்தமாகச் சொன்னாள். அவ்வளவுதான் மாறியது.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பெனிட்டாவுக்குப் பதினேழு பேனா. எனக்கு நாலு. எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

நாலில் ஒன்று மாரிச்செல்வி கொடுத்தது. சிவப்பு மை.

செப்டம்பர் 6, வெள்ளி

வட்டாரப் போட்டி. பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளி மண்டபம். காலை ஏழரை பஸ்ஸில் நானும் மாரிச்செல்வியும் போனோம். எண்ணெய் வைத்துப் படிய வாரி, புதுத் தாவணி. அவள் அம்மா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு பஸ் நிறுத்தம் வரை வந்தாள். "டீச்சர் கூட இருக்கையில எனக்கென்ன கவலை" என்றாள்.

மண்டபத்தில் வழக்கம்போல் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒரு அலுவலர் மைக்கில், "உடன் வந்த ஆசிரியர்கள் எல்லாம் வெளியே போங்க. மாணவர்களும் நடுவர்களும் மட்டும்தான் உள்ள" என்றார். இந்த வருஷம் புது விதியாம். போன வருஷம் யாரோ கீழே இருந்து எடுத்துக் கொடுத்ததாகப் புகார் வந்ததாம். சில பேருக்கு வெட்கமே இல்லை.

எழுந்தபோது மாரிச்செல்வியைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. "நீங்க போறீங்களா டீச்சர்?" என்றாள். "வாசல்லதான் நிப்பேன், பயப்படாத" என்றேன்.

வாசலில் நின்றால் உள்ளே தெரியாது, சத்தம்தான் கேட்கும். ஆறாவதாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். வணக்கம் சொன்னாள். முதல் பக்கம் போயிற்று. இரண்டாவது பக்கம், கண்மாய் பற்றி வருகிற இடத்தில், நின்றாள்.

நான் வாசலில் நின்று மனசுக்குள் கத்தினேன். "வானம் பார்த்த பூமியில்..." அதுதான் அடுத்த வரி. பக்கத்தில் நின்ற ஆசிரியை ஒருத்தி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே சத்தமே இல்லை. யாரோ இருமினார்கள். அப்புறம் மாரிச்செல்வியின் குரல், மைக்கில், மெதுவாக: "மன்னிச்சுக்கிடுங்க."

இறங்கிவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். நான் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டாள். பாதி வழியில், "உங்க மூஞ்சியப் பாக்காம எனக்கு ஒண்ணும் வரல டீச்சர்" என்றாள்.

தோற்றுவிட்டு வருகிறோம். ஆனால் எழுதத்தான் வேண்டும், அந்தச் சொல் எனக்கு இனித்தது. பெனிட்டா மூஞ்சி இல்லை, என் மூஞ்சி. ஊருக்குள் பஸ் நுழைகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இறங்கினோம். அம்மாக்காரி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள், கோப்பையைத் தேடிக்கொண்டு.

செப்டம்பர் 9, திங்கள்

சாப்பிடப் பிடிக்கவில்லை. இவர் கேலி செய்யவில்லை. "உடம்புக்கு என்னம்மா?" என்றார். இருபத்தாறு வருஷத்தில் என்னை இரண்டு தடவைதான் "அம்மா" என்று சொல்லியிருக்கிறார், இரண்டும் ஆஸ்பத்திரியில்.

செப்டம்பர் 12, வியாழன்

பெனிட்டா வந்து, "மாரி எடுத்த படம் போட்டிக்குத்தான் போகல. நாளைக்கு மன்ற நேரத்துல இங்கயாவது போடுதோம். எல்லா மன்றமும் வருது. நீங்களும் கண்டிப்பா வரணும் டீச்சர்" என்றாள். "நீங்க" என்பதை அழுத்திச் சொன்னாள். வேலை இருக்கிறது என்றேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

என் ஒன்பது பேரும் சேர்ந்துகொண்டு, "வாங்க டீச்சர், வாங்க டீச்சர்" என்று இழுத்ததால் போனேன். ஆய்வகத்தில் நூறு பிள்ளைகள், புழுக்கம். முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். மாரிச்செல்வி தரையில், என் காலுக்குப் பக்கத்தில். பெனிட்டா கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் விளக்கை அணைக்க நின்றாள்.

கரும்பலகையில் சாக்பீசால் எழுதியதைப் படம் பிடித்திருக்கிறார்கள்: "முன்வரிசை. எடுத்தது, மாரிச்செல்வி." பிறகு அவள் குரல். சுதந்திர தினப் பேச்சு. ஆனால் மேடை தெரியவில்லை. கூட்டம் தெரிகிறது. அய்யாத்துரை சார் காதைக் குடைகிறார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஊராட்சித் தலைவர் போனைப் பார்க்கிறார். அப்புறம் நான்.

படம் என்னிடமே நின்றுவிட்டது. மெல்ல மெல்லக் கிட்டே வந்தது. என் உதடுகள் அசைகின்றன.

ஒரு வார்த்தை விடாமல், அவள் சொல்வதற்குக் கால் நொடி முந்தி, நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்ல, அவள் சொல்கிறாள். புருவம் ஏறுகிறது, இறங்குகிறது. தலை ஆடுகிறது. மூச்சு விட வேண்டிய இடத்தில் நான் மூச்சு விடுகிறேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. பதினாலு வருஷமாக முன்வரிசையில் உட்கார்ந்து இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன் போல. பொடிசுகள் எதற்குச் சிரித்தன என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

குரல் நின்றது. அந்த இடம். படத்தில் என் கண் பெரிதாகிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற தாய் தன் வாயையும் திறப்பாளே, அந்த மாதிரி வாயைப் பெரிதாகத் திறந்து, "பெ-யர் தெ-ரி-யா-த" என்கிறேன். சத்தம் இல்லாமல். உடனே அவள் குரல், "பெயர் தெரியாத எத்தனையோ பேர்" என்று தொடர்கிறது. அவளாகப் பிடித்துக்கொண்டாள் என்று எழுதி வைத்திருக்கிறேன், மேலே இருக்கிறது.

கைதட்டல் கேட்கிறது. படம் மேடைக்குத் திரும்பவே இல்லை. நான் தண்ணீர் குடிக்கிறேன். முந்தானையால் முகத்தைத் துடைக்கிறேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எனக்கு நானே சிரித்துக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பு அழகாக இருந்தது. நான் அவ்வளவு அழகு என்று இந்த ஐம்பத்தோரு வயதில் ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

கடைசியில் மறுபடியும் கரும்பலகை. மாரிச்செல்வியின் கையெழுத்து. நான் எழுதிக் கொடுக்காத வரி:

"எங்க டீச்சர் மேடையில பேசி நான் கேட்டதே இல்ல."

மூன்றே நிமிஷம். இதைத்தான் நான் சென்னைக்குப் போக விடாமல் செய்தேன். நெட் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. பெனிட்டாவின் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குறும்படம் என்கிற கட்டத்தைப் பார்த்துவிட்டு, பேச்சு என்கிற கட்டத்தில் அவள் பெயரை அடித்தேன். அடித்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுத்தினேன். எரிச்சல். பொறாமை. வேறு நல்ல பெயர் ஒன்றும் இல்லை அதற்கு.

விளக்கு எரிந்தது. நூறு பிள்ளைகளும் கைதட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். கடைசி பெஞ்சிலிருந்து பெனிட்டா, "டீச்சர், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றாள்.

எழுந்து நின்றேன். மாரிச்செல்வி தரையிலிருந்து அண்ணாந்து, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாகப் பார்த்த அதே பார்வை.

"அன்னைக்குத் தவறிப்போகல. நான் வேணும்னுதான் செஞ்சேன்."

சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்திருக்கிறது. பிள்ளைகள் இன்னும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அய்யாத்துரை சார் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பெனிட்டா சிரித்த முகமாக நின்றாள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மாரிச்செல்விக்குத் தெரிந்துவிட்டது. அந்த உதட்டை அவளைப்போல் படிக்க யாரால் முடியும்? முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. நான் உட்கார்ந்துவிடலாம், இது எங்கள் இரண்டு பேருக்குள் முடிந்துவிடும் என்று ஒரு நொடி நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் எழுந்து நின்றாள். கைதட்டல் ஓய்ந்தது.

"சத்தமா சொல்லுங்க டீச்சர்" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் நின்றுபோகவில்லை. "கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."

கடைசி பெஞ்சில் பெனிட்டா இருந்தாள்.

சொன்னேன்.